ஃபங்ஷனுக்கு முன்னால் உள்ள 16 பைட்டை யாருக்குக் கொடுப்பது?

வைகைக்கரை:

லினக்ஸ் கர்னலில் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஒரு சின்னத் தகவலைச் சேர்த்து வைக்க வேண்டுமென்றால் எங்கே வைப்பது? இதைப் பற்றி விரிவாகப் பேச ஆசைப்படுகிறேன்.

வேலையிடத்தில் பிபிஎஃப் (கர்னலுக்குள் நம் சின்ன நிரல்களை ஓட்டும் வசதி) வைத்து கர்னல் ஃபங்ஷன்களை டிரேஸ் செய்கிறோம், அதாவது அவை அழைக்கப்படுவதைக் கவனிக்கிறோம். பத்து இருபது ஃபங்ஷன் என்றால் தொல்லை இல்லை. ஆயிரக்கணக்கில் போகும்போது, ஃபங்ஷனின் தொடக்கத்தில் பிபிஎஃப் நிரலை ஒட்டும் எஃப்என்ட்ரி முறை திணறுகிறது, ஏனென்றால் அது ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் தனி டிராம்போலின் (ஃபங்ஷனிலிருந்து நம் நிரலுக்குத் தாவ உதவும் சிறு இடைக் கோடு) கட்டுகிறது. கர்னல் 5.18-இல் வந்த கேப்ரோப்-மல்டி என்ற முறை மொத்தமாக ஒரே தடவையில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அதில் கையில் கிடைப்பது ரெஜிஸ்டர்கள் மட்டும்தான். எஃப்என்ட்ரி போல ஆர்கியுமென்ட்களை வகையோடு வாங்க முடியாது.

எல்லா ஃபங்ஷனுக்கும் பொதுவாக ஒரே டிராம்போலின் வைத்துவிட்டால் இந்தச் சிக்கல் தீரும். அப்படிச் செய்தால் அந்த டிராம்போலினுக்குள் நுழைந்ததுமே "இப்போது வந்த ஃபங்ஷன் எது, இதற்கு எத்தனை ஆர்கியுமென்ட், எந்தெந்த பிபிஎஃப் நிரலை ஓட்ட வேண்டும்" என்று கண்டுபிடித்தாக வேண்டும். அதையும் ஒவ்வொரு அழைப்பிலும் செய்ய வேண்டும்.

2025-இல் மெங்லாங் டாங் இதற்காக ஒரு பேட்ச் தொடர் அனுப்பினார். ஃபங்ஷனுக்கு முன்னால் கம்பைலர் விடும் காலி இடத்தில் (பேடிங்) 4 பைட் எண் ஒன்றை எழுதி வைப்பது அவர் யோசனை. அந்த எண்ணைக் கொண்டு ஒரு அட்டவணையில் பார்த்தால் அந்த ஃபங்ஷனைப் பற்றிய தகவல் (மெட்டாடேட்டா) கிடைத்துவிடும். தேடலே தேவையில்லை. எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. ஆர்ம்64 பிராசஸர்களில் கர்னல் 6.3 முதலே இதைப் போன்ற ஒன்று இருக்கும்போது இன்டெல், ஏஎம்டி பிராசஸர்களின் எக்ஸ்86 பக்கம் ஏன் இவ்வளவு தயக்கம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய அசெம்ப்ளர்:

நல்ல கேள்வி தம்பி. முதலில் இந்த இடம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் அது சும்மா கிடக்கும் இடம் இல்லை.

ஃபங்ஷனுக்கு முன்னால் எதையாவது வைப்பது பழைய பழக்கம். ஹாஸ்கெல் கம்பைலரான ஜிஎச்சி தன் தகவல் அட்டவணையை என்ட்ரி கோடுக்கு நேர் முன்னால் வைக்கிறது. கோடின் முகவரி கையில் இருந்தால் அட்டவணையும் கையில் இருக்கிறது. விண்டோஸில் ஃபங்ஷன் தொடக்கத்தில் 2 பைட்டுக்கு ஒன்றுமே செய்யாத ஒரு கட்டளை, அதற்கு முன்னால் 5 பைட் காலி இடம். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபங்ஷனை மாற்ற வேண்டுமென்றால் அந்த 5 பைட்டில் நீண்ட தாவலை எழுதிவிட்டு, 2 பைட்டில் அதற்குப் போகும் குட்டித் தாவலை எழுதுவார்கள். ஜிசிசி 8-இல் 'பேட்சபிள் ஃபங்ஷன் என்ட்ரி' என்ற ஆப்ஷன் வந்தபோது இந்த வசதி லினக்ஸ்காரர்களுக்கும் கிடைத்தது. மொத்தம் எத்தனை நாப் (ஒன்றும் செய்யாத கட்டளை), அதில் எத்தனை என்ட்ரிக்கு முன்னால் என்று இரண்டு எண் கொடுத்தால் போதும்.

எக்ஸ்86 கர்னலில் 16 பைட் பேடிங் வந்தது வேறு காரணத்துக்காக. 2022 ஜூலையில் ரெட்ப்ளீட் என்ற பிராசஸர் பாதுகாப்பு ஓட்டை வெளியானது. ஸ்கைலேக் வகை பிராசஸர்களில் ரிட்டர்ன் முகவரிகளை ஊகிக்கும் அடுக்கில் 16 இடம்தான். அழைப்புகள் அதைவிட ஆழமாகப் போய்த் திரும்பும்போது அடுக்கு காலியாகி, பிராசஸர் வேறு இடத்திலிருந்து ஊகிக்கும். தாக்குபவருக்கு அதுதான் வாசல். ஐபிஆர்எஸ் என்ற பிராசஸர் தடுப்பைப் போட்டு அடைத்தால் வேகம் மிகவும் குறைந்தது. தாமஸ் கிளைக்ஸ்னரும் பீட்டர் சிஜில்ஸ்ட்ராவும் அழைப்பு ஆழத்தை எண்ணிக்கொண்டே வந்து, தேவையானபோது மட்டும் அடுக்கை நிரப்பும் வழியைக் கொண்டுவந்தார்கள். 6.2-இல் சேர்ந்தது. அந்த எண்ணும் கட்டளை உட்கார்ந்திருப்பது இந்தப் பேடிங்கில்தான். கர்னல் பூட் ஆகும்போது அழைப்புகளையெல்லாம் ஃபங்ஷனின் என்ட்ரிக்குப் பதிலாகப் பேடிங்கை நோக்கித் திருப்பிவிடும்.

பேடிங்கை யாரும் ஓட்டுவதில்லை, அதில் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று நினைத்துக்கொண்டு இறங்கக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். சில கணினிகளில் அது ஒவ்வொரு அழைப்பிலும் ஓடுகிற கோடு.

யாழினி:

ஆர்ம்64 பற்றி நான் சொல்கிறேன். அங்கே இந்த வழி எடுபட்டதற்கு வலுவான காரணம் இருந்தது.

கர்னலின் டிரேஸ் வசதியான எஃப்டிரேஸில் யார் யார் எந்த ஃபங்ஷனைக் கவனிக்கிறார்கள் என்பதை ஆப்ஸ் என்ற ஸ்ட்ரக்ச்சர்கள் சொல்லும். எக்ஸ்86-இல் ஒரு ஃபங்ஷனை ஒரே ஒரு ஆப்ஸ் கவனித்தால், அந்த ஆப்ஸுக்கென்றே ஒரு டிராம்போலின் உருவாக்கி நேராக அங்கே அனுப்பிவிடுவார்கள். ஆர்ம்64-இல் அது சுலபமில்லை. ஒரு பிராஞ்ச் கட்டளை முன்னும் பின்னும் 128 எம்பி தூரம்தான் எட்டும். புதிதாக ஒதுக்கும் டிராம்போலின் அந்த எல்லைக்குள் விழும் என்று உறுதி சொல்ல முடியாது. அதனால் எல்லா ஃபங்ஷனும் ஒரே பொது வாசலுக்கு வரும். அங்கிருந்து பட்டியலில் உள்ள ஒவ்வொரு ஆப்ஸிடமும் "இந்த முகவரி உனக்கு வேண்டுமா" என்று கேட்டுக்கொண்டு போக வேண்டும். யாரோ எதையோ டிரேஸ் செய்தால் உங்கள் ஃபங்ஷனும் சேர்ந்து மெதுவாகும்.

மார்க் ரட்லண்ட் இதைச் சரிசெய்த விதம் அழகானது. மொத்தம் 4 நாப், அதில் 2 முன்னால், 2 பின்னால். ஆர்ம்64-இல் ஒரு கட்டளை 4 பைட், ஆகவே முன்னால் கிடைப்பது சரியாக 8 பைட், அதாவது ஒரு பாயின்டர். பின்னால் உள்ள இரண்டில் முதலாவது ரிட்டர்ன் முகவரியை எடுத்து வைக்கும், இரண்டாவது பொது வாசலை அழைக்கும். வாசலுக்கு வந்ததும் ரிட்டர்ன் முகவரியிலிருந்து கொஞ்சம் பின்னால் போய் அந்தப் பாயின்டரைப் படித்தால் எந்த ஆப்ஸ் என்று உடனே தெரிந்துவிடும். யாருமே கவனிக்காத ஃபங்ஷன் என்றால் ஒன்றும் செய்யாத ஓர் ஆப்ஸ், பலர் கவனித்தால் பழையபடி பட்டியலைச் சுற்றும் ஓர் ஆப்ஸ். பாயின்டர் எப்போதும் செல்லுபடியாகும் எதையாவது காட்டிக்கொண்டேதான் இருக்கும்.

இதற்கு ஃபங்ஷன்கள் 8 பைட் எல்லையில் தொடங்க வேண்டும். அப்படியிருந்தால்தான் பாயின்டரை ஒரே எழுத்தில் மாற்ற முடியும், பாதி பழையது பாதி புதியது என்று யாரும் படிக்க நேராது. இங்கேதான் ஜிசிசி காலை வாரியது. ஃபங்ஷன்களை இந்த எல்லையில் வை என்று சொன்னாலும், அரிதாக ஓடுபவை என்று அது கருதும் ஃபங்ஷன்களுக்கு அந்தச் சொல்லை மதிக்காது. அதற்காகக் கர்னலில் சுற்றுவழிகள் போட வேண்டியிருந்தது. ஜிசிசி 14-இல்தான் கண்டிப்பான குறைந்தபட்ச எல்லைக்கென்று தனி ஆப்ஷன் வந்தது.

இன்னொன்று. கிளாங் கம்பைலரின் கேசிஎஃப்ஐ பாதுகாப்பைப் போட்டால் ஆர்ம்64-இல் இந்த வசதி கிடைக்காது. இரண்டுமே ஃபங்ஷனுக்கு முன்னால் உள்ள இடத்தை நம்புகின்றன. முன்னால் நாப் இருக்கும் ஃபங்ஷனுக்கும் இல்லாத ஃபங்ஷனுக்கும் கேசிஎஃப்ஐ தேடும் ஹாஷ் (ஃபங்ஷனின் வகையைக் குறிக்கும் எண்) இருக்கும் தூரம் மாறிவிடும். ஆகவே ஆர்ம்64-இலும் இது எல்லாருக்கும் பொதுவான இடமாக இல்லை. ஒரு வேலைக்குக் கொடுத்தார்கள், இன்னொரு வேலைக்கு இல்லை என்று சொன்னார்கள்.

கணிமகன்:

யாழினி கடைசியாகச் சொன்னதுதான் எக்ஸ்86-இல் இன்னும் கடுமையாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கேசிஎஃப்ஐ 6.1-இல் வந்தது. பாயின்டர் வழியாக ஒரு ஃபங்ஷனை அழைக்கும் முன், அதன் வகைக்குரிய ஹாஷ் சரியா என்று பார்க்கும் பாதுகாப்பு. எக்ஸ்86-இல் அந்த 4 பைட் ஹாஷை அப்படியே எழுதாமல் ஒரு மூவ் கட்டளையின் எண்ணாக வைக்கிறார்கள், மொத்தம் 5 பைட். மீதி 11. அழைப்பு ஆழம் எண்ணும் கட்டளைக்கு 10 பைட் வரை வேண்டும். இரண்டும் சேர்ந்தால் மெட்டாடேட்டாவுக்கு இடமே இல்லை.

புதிய பிராசஸர் என்றால் நிலைமை வேறு மாதிரி. இன்டெலின் ஐபிடி (பாயின்டர் வழித் தாவல்கள் எண்ட்பிரான்ச் என்ற கட்டளையில்தான் இறங்க வேண்டும் என்ற பிராசஸர் பாதுகாப்பு) உள்ள கணினியில் கர்னல் பூட் ஆகும்போது கேசிஎஃப்ஐயை, ஹாஷ் சோதனையை இந்தப் பேடிங்கிலேயே செய்யும் ஃபைன்ஐபிடியாக மாற்றி எழுதும். 6.2-இல் அது வந்த வடிவில் எண்ட்பிரான்ச் 4 பைட், ஹாஷைக் கழிப்பது 7, சரியென்றால் தாண்டிப்போவது 2, இல்லையென்றால் விழவைக்கும் கட்டளை 2, ஒரு நாப். கூட்டினால் 16. ஒரு பைட் மிச்சமில்லை.

ஆழம் எண்ணுவது ஸ்கைலேக் காலத்துச் சில்லுகளுக்கு, ஐபிடி அதற்குப் பிந்தைய டைகர் லேக் முதல். இரண்டும் ஒரே கணினியில் ஒரே சமயத்தில் தேவைப்படாது. அதனால்தான் அதே 16 பைட்டை இரண்டு வேலைக்கும் பயன்படுத்த முடிகிறது. மெட்டாடேட்டாவுக்கு அந்தச் சலுகை கிடையாது. டிரேஸ் செய்ய வேண்டிய தேவை எந்தச் சில்லிலும் வரும்.

வைகைக்கரை:

@கணிமகன், அப்படியானால் பேடிங்கைக் கூட்டினால் என்ன? கர்னலில் 60,000 ஃபங்ஷன் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் இன்னும் 16 பைட் கொடுத்தாலும் 9,60,000 பைட், ஒரு எம்பிகூட ஆகாது. ஸ்டாக்கை அவிழ்த்து எது எதை அழைத்தது என்று கண்டறியும் ஓஆர்சி அன்வைண்டர் அட்டவணைக்கு 2 முதல் 4 எம்பி வரை ஆகும் என்று கான்ஃபிக் உதவிக்குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள், அதை எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். பேடிங் வழியில் மெட்டாடேட்டா பக்கத்திலேயே இருக்கும், பிராசஸரின் வேக நினைவகமான கேஷிலும் ஏற்கனவே வந்திருக்கும்.

கணிமகன்:

ஓஆர்சியோடு ஒப்பிடுவதை நான் ஏற்கவில்லை. அந்த அட்டவணைகள் தனி செக்‌ஷனில் இருக்கின்றன. ஸ்டாக்கை அவிழ்க்கும்போது மட்டும் தொடுவார்கள். மற்ற நேரத்தில் ராமில் தூங்கும், யாருக்கும் இடைஞ்சல் இல்லை. பேடிங் அப்படியில்லை. அது ஓடும் கோடுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலான எக்ஸ்86 சில்லுகளில் கட்டளைக்கான எல்1 கேஷ் 32 கேபி, ஒரு வரி 64 பைட். கர்னலில் குட்டிக் குட்டி ஃபங்ஷன்கள் ஏராளம். ஒவ்வொரு வரியிலும் 16 பைட் வெறும் இடமாகப் போனால் அதே கேஷில் குறைவான கோடுதான் நிற்கும். டிரேஸ் செய்பவர் மட்டுமல்ல, டிரேஸ் என்ற சொல்லையே கேட்டிராதவரும் இந்த விலையைக் கொடுக்க வேண்டும். டிஸ்ட்ரோக்கள் (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்புகள்) ஒரே கர்னலைத்தான் எல்லாருக்கும் அனுப்புகின்றன.

கேஷில் ஏற்கனவே இருக்கும் என்பதும் பாதிதான் சரி. ஃபங்ஷன் ஓடுவதால் அந்த வரி கட்டளைக் கேஷில் இருக்கும். நீங்கள் பேடிங்கைத் தகவலாகப் படிக்கும்போது கேட்பது எல்1 டேட்டா கேஷை. அங்கே அது இருக்காது. எல்2 இரண்டுக்கும் பொது என்பதால் பெரும்பாலும் அங்கே கிடைக்கும். ஃபங்ஷன் சரியாக 64 பைட் எல்லையில் தொடங்கினால் பேடிங் முந்தைய வரியில் விழும், அது எங்கேயும் இல்லாமலும் போகலாம். அதன் பிறகு 4 பைட் எண்ணை வைத்து அட்டவணையை இன்னொரு முறை படிக்க வேண்டும். பேடிங்குக்குப் பதிலாக ஹாஷ் அட்டவணை வைத்தால் ஃபங்ஷனின் முகவரியை ஹாஷ் செய்து, பக்கெட்டைப் படித்து, பொருத்திப் பார்க்க வேண்டும். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் ஆர்ம்64-இல் இருந்ததைப் போன்ற வித்தியாசம் இல்லை. அங்கே பட்டியல் முழுவதும் நடந்துகொண்டிருந்ததை ஒரே படிப்பாகக் குறைத்தார்கள். இங்கே நன்றாக எழுதிய ஹாஷ் தேடலில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கிறோம்.

கடலோடி:

வேகத்தை விட்டுவிட்டு வேறொரு பக்கம் பார்க்கலாம். இந்த 4 பைட்டை எழுதுவது யார், எப்படி?

கர்னல் டெக்ஸ்ட் (ஓடும் கோடு) எழுத முடியாத பக்கங்களில் இருக்கிறது. மாற்ற வேண்டுமென்றால் டெக்ஸ்ட் போக் என்ற கர்னல் வசதி வழியாக, தற்காலிக மேப்பிங் போட்டுத்தான் எழுத வேண்டும். ஓடாத பைட் என்றால் பிரேக்பாயின்ட் வைத்து நிறுத்தும் சடங்கு தேவையில்லை, அது ஒரு வசதி. ஆனாலும் அந்தப் பைட்டுகள் இயங்கும் பக்கத்தில்தான் இருக்கின்றன. நாம் எழுதும் எண் எதுவாக இருந்தாலும் அதுவும் ஒரு கட்டளையாக வாசிக்கப்படலாம். ஃபைன்ஐபிடி கோடில் இதற்காகவே ஒரு சோதனை இருக்கிறது. ஹாஷ் தற்செயலாக எண்ட்பிரான்ச் கட்டளையின் பைட்டுகளாக அமைந்துவிட்டால் தள்ளிவிட்டு வேறு ஹாஷ் எடுப்பார்கள். இல்லையென்றால் தாவக்கூடாத இடத்தில் ஒரு செல்லுபடியான வாசல் உருவாகிவிடும். மெட்டாடேட்டா எண்ணுக்கும் அதே கவனம் வேண்டும். 0 முதல் வரிசையாகக் கொடுக்கும் சின்ன எண் என்றால் அந்தப் பைட் வரிசையை எட்டவே எட்டாது. முழுப் பாயின்டரின் பகுதியை வைப்பதைவிட எண் வைப்பது எனக்கு அதனால்தான் பாதுகாப்பாகப் படுகிறது.

டெக்ஸ்டை ஓட்ட மட்டும் முடியும், படிக்க முடியாது என்ற நிலைக்கு எதிர்காலத்தில் போக விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். கோடுக்குள் தகவலை வைக்க வைக்க அந்தக் கதவு இறுக மூடிக்கொண்டே போகும். கேசிஎஃப்ஐ ஏற்கனவே அதைச் செய்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் கேசிஎஃப்ஐ தருவது பாதுகாப்பு. அதற்காக ஒரு பாதுகாப்பை விட்டுக்கொடுப்பதில் பொருள் இருக்கிறது. டிரேஸுக்காக விட்டுக்கொடுப்பது எனக்கு உறுத்துகிறது.

யாழினி:

@கடலோடி சொன்னதோடு இன்னும் சில நடைமுறைச் சங்கடங்களையும் சேர்க்க வேண்டும். எஃப்டிரேஸ் நமக்குத் தரும் முகவரி அழைப்பு நாப் இருக்கும் இடத்தைக் காட்டும். ஐபிடி உள்ள கர்னலில் ஃபங்ஷனின் முதல் 4 பைட் எண்ட்பிரான்ச். அப்போது 4 பைட் பின்னால் போனால்தான் உண்மையான தொடக்கம் கிடைக்கும், அங்கிருந்துதான் பேடிங்கை அளக்க வேண்டும். பாயின்டர் வழியாக யாரும் அழைக்காத ஃபங்ஷன்களில் கர்னல் அந்த எண்ட்பிரான்சை அழித்து வேறொரு 4 பைட் நாப் எழுதிவிடுகிறது, அதையும் அடையாளம் காண வேண்டும். அசெம்ப்ளியில் எழுதிய ஃபங்ஷன்களுக்குக் கம்பைலர் உதவாது, மேக்ரோவே பேடிங் போட வேண்டும். மாட்யூலைக் கர்னலிலிருந்து நீக்கும்போது அதன் எண்களைத் திரும்ப வாங்க வேண்டும். அந்த நேரத்தில் இன்னொரு சிபியு டிராம்போலினுக்குள் இருந்தால் என்ன செய்வது என்று யோசிக்க வேண்டும்.

இதில் எதுவுமே தீர்க்க முடியாதது இல்லை. ஆனால் ஹாஷ் அட்டவணையில் இவற்றில் பாதி வரவே வராது. முகவரிதான் சாவி, முன்னால் என்ன இருக்கிறது என்ற கவலையே இல்லை.

வைகைக்கரை:

எல்லாருக்கும் நன்றி. ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை, ஏன் என்று சொல்கிறேன்.

ஹாஷ் தேடல் கொஞ்சம்தான் அதிகம் என்கிறீர்கள். எங்கள் டிரேஸ் நொடிக்கு லட்சக்கணக்கான முறை அழைக்கப்படும் ஃபங்ஷன்களில் ஓடுகிறது. நெட்வொர்க் பாதையில் ஒரு பாக்கெட் எத்தனை ஃபங்ஷனைத் தாண்டிப் போகிறது என்று பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கேஷ் மிஸ் வந்தால், நாம் அளக்க வந்ததையே நம் அளவுகோல் மாற்றிவிடும். உற்பத்திக் கணினியில் டிரேஸ் போடவே பயப்படும் நிலை அதனால்தான் வருகிறது. கர்னலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க முடிவதும் ஒரு வகையில் பாதுகாப்புதானே? தாக்குதலைக் கண்டுபிடிக்கும் கருவிகளில் பல இன்று பிபிஎஃப் மேல்தான் நிற்கின்றன.

எல்லாருக்கும் கட்டாயமாக்க வேண்டாம். கான்ஃபிக் ஆப்ஷனாக வைக்கலாம். வேண்டியவர்கள் கூடுதல் பேடிங்கோடு கட்டிக்கொள்ளட்டும், மற்றவர்களுக்கு ஹாஷ்.

பழைய அசெம்ப்ளர்:

தம்பி, உன் கவலை நியாயமானது. அளக்கும் கருவியே அளவை மாற்றினால் அந்தக் கருவியை நம்ப முடியாது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் "ஆப்ஷனாக வைத்துவிடலாம்" என்பது சுலபமாகச் சொல்லும் பதில். ஆப்ஷன் என்றால் இரண்டு பாதை, இரண்டையும் ஒருவர் பராமரிக்க வேண்டும். டிஸ்ட்ரோ அதை அணைத்து வைத்தால் நீ சொல்லும் உற்பத்திக் கணினிகளில் அது இருக்காது, ஹாஷ் பாதைதான் ஓடும். போட்டு வைத்தால் கணிமகன் சொன்ன விலையை எல்லாரும் கொடுப்பார்கள். ஆகவே எப்படிப் பார்த்தாலும் ஹாஷ் பாதை வேகமாக இருந்தே ஆக வேண்டும். முதலில் அதை முடிந்தவரை நன்றாகச் செய்துவிட்டு, அதன் பிறகு எவ்வளவு குறைகிறது என்று அளந்து காட்டினால் பேடிங் கேட்கும் வாதத்துக்கு வலு வரும்.

இந்த இடத்தை வீட்டுத் திண்ணை மாதிரி நினைக்கிறேன். வருகிறவர் எல்லாரும் உட்காரலாம் என்றால் வீட்டுக்காரர் உள்ளே போக வழியிருக்காது. ஒவ்வொரு அழைப்பிலும், எல்லாக் கணினியிலும், டிரேஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேண்டியது எதுவோ அதற்குத்தான் முதலிடம். கேசிஎஃப்ஐ ஹாஷ் அப்படிப்பட்டது, ஆழம் எண்ணுவதும் அது தேவைப்படும் சில்லில் அப்படிப்பட்டது. ஆர்ம்64 பாயின்டரும் வேறு வழி இல்லாததால் வந்தது. டிரேஸ் போட்டால் மட்டும் வேண்டிய தகவலுக்கு அட்டவணைதான் சரியான இடம் என்பது என் எண்ணம்.

கணிமகன்:

அதோடு, இப்போது ஒருவருக்கு 4 பைட் கொடுத்தால் அடுத்தவர் வருவார். ஒரு ஃபங்ஷனுக்கு ஒரே எண், அதை எல்லா சப்சிஸ்டமும் பகிர்ந்துகொள்ளலாம் என்று வைத்தால்கூட, அந்த அட்டவணையின் வரிகளில் யாருக்கு எந்த இடம் என்ற சண்டை தொடங்கும். ஓடும் ஒவ்வொரு நிரலின் விவரத்தையும் வைக்கும் டாஸ்க் ஸ்ட்ரக்ச்சர் எப்படி ஆண்டுக்கு ஆண்டு பெருத்தது என்று எல்லாருக்கும் தெரியும். ஒரே ஒரு நன்மையை ஒப்புக்கொள்கிறேன்: பகிர்ந்த எண் வந்தால் எஃப்ப்ரோப் (இன்னொரு டிரேஸ் முறை), எஃப்டிரேஸ், பிபிஎஃப் மூன்றும் தனித்தனியாக ஹாஷ் வைத்திருக்க வேண்டியதில்லை. வைகைக்கரை தன் வாதத்தை இந்தப் பக்கமாக எடுத்துச் சென்றால் நானும் ஆதரிக்க யோசிப்பேன்.

வைகைக்கரை:

அது நல்ல வழி. மூன்று தேடலை ஒன்றாக்குவது என்ற கோணத்தில் அளந்து பார்க்கிறேன். ஹாஷ் வைத்தும் பேடிங் வைத்தும் ஒரே வேலையை ஓட்டி எண்களை இங்கே போடுகிறேன்.

மருதம்:

நடுவில் குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். கர்னலுக்கு நான் புதிது. இந்தப் பேடிங்கை என் லேப்டாப்பில் நானே பார்க்க முடியுமா?

யாழினி:

தாராளமாகப் பார்க்கலாம் மருதம். எக்ஸ்86-இல் 6.2 அல்லது அதற்குப் பிந்தைய கர்னல் என்றால், ரூட்டாக இருந்துகொண்டு, கர்னல் ஃபங்ஷன்களின் பெயரும் முகவரியும் உள்ள கேஆல்சிம்ஸ் கோப்பில் 'பிஎஃப்எக்ஸ்' என்ற முன்னொட்டோடு தொடங்கும் பெயர்களைத் தேடுங்கள். பேடிங் போட்டுக் கட்டிய கர்னல் என்றால் ஏறக்குறைய ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் அப்படி ஒன்று இருக்கும். அதன் முகவரிக்கும் ஃபங்ஷனின் முகவரிக்கும் உள்ள வித்தியாசம் வழக்கமாக 16. கிளாங்கில் கேசிஎஃப்ஐயோடு கட்டியிருந்தால் அதற்குப் பதிலாக 'சிஎஃப்ஐ' முன்னொட்டு வரும்.

அப்புறம் ஆப்ஜ்டம்ப் கருவியை வைத்து, கட்டிய கர்னலான விஎம்லினக்ஸ் கோப்பைப் பிரித்துப் பார்த்தால் அந்த இடத்தில் வரிசையாக நாப் தெரியும். அது கட்டியபோது இருந்த நிலை மட்டும்தான். பூட் ஆகும்போது கர்னல் தன்னைத்தானே திருத்தி எழுதுவதால், ஓடும் கர்னலில் அதே இடத்தில் வேறு பைட்டுகள் இருக்கலாம். அதைப் பார்க்க 'நோகேஏஎஸ்எல்ஆர்' ஆப்ஷனோடு பூட் செய்து (இல்லையென்றால் முகவரிகள் பொருந்தாது), ஜிடிபி டீபக்கரை விஎம்லினக்ஸோடும், ஓடும் கர்னலின் நினைவகத்தைக் காட்டும் கேகோரோடும் திறந்து, விஎஃப்எஸ் ரீட் போன்ற ஏதாவது ஒரு ஃபங்ஷனுக்கு 16 பைட் முன்னாலிருந்து டிஸ்அசெம்பிள் செய்யுங்கள். என்ன தெரிகிறது என்பதை உங்கள் பிராசஸர் மாடலோடு சேர்த்து இங்கே போடுங்கள், சேர்ந்து படித்துப் பார்க்கலாம்.